என் மகளின் நிறம்

மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்டு, ஆழ்துளைக் கிணறு போடும் எட்டு ரிக் வண்டிக்கு முதலாளியானவன் நான். பேச்சில் என்னை வென்றவர், மகளுக்குக் கல்யாண அலங்காரம் செய்ய சூரமங்கலத்திலிருந்து வந்த அம்மாள் ஒருவர்தான்.

ஒல்லியானவர். எந்தப் பூச்சையும் தன் மணிக்கட்டில் தடவிப் பார்த்த பிறகே மணப்பெண்ணைத் தொடுவார். அவருடைய ஆல்பத்தில் மலையாள, தெலுங்கு, மார்வாடிப் பெண்களின் கல்யாணக் கோலங்கள் இருந்தன.

"இந்த சேட்டுப் பொண்ணாட்டம் புள்ளைய வெள்ளையாக்கிப் போடு சாமி" என்றேன், ஒரு மார்வாடிப் பெண்ணின் படத்தைக் காட்டி.

"அவங்களாட்டம் நெத்திச்சுட்டி வெக்கறனுங்க. நெறத்த எதுக்குங்க மாத்தோணும்? புள்ள அப்படியே உங்க நெறமுங்க. அதுல என்னங்க கொற?"

கண்ணாடி வழியே மகள் என்னையே பார்த்தாள். இந்தக் கறுப்புத் தோலோடுதான் முன்னுக்கு வந்தேன் என்று ஊரெல்லாம் பீற்றுகிறவன் நான்.

"அப்படியே இருக்கட்டும்" என்றேன்.

அம்மாள் தன் மணிக்கட்டிலிருந்த வெள்ளைப் பூச்சைத் துடைத்தார். என் நிறத்துக்காக என்னிடமே வாதாடியவரை அதற்குப் பிறகு நான் பார்க்கவில்லை.