மாமா தூக்காத மூட்டை

எண்பத்திரண்டோ எண்பத்திமூன்றோ, சரியாக நினைவில்லை. ஏலக்காய்ப் பறிப்பு மும்முரமாக நடந்த ஓர் ஐப்பசி மாதம். போடியிலிருந்து குரங்கணிக்குப் போகும் ஒரு ஜீப்பில் நான் கிளீனர். எட்டாம் வகுப்பைப் பாதியில் விட்டவன். படிப்புதான் குறைவே தவிர, வாய்க்குக் குறைவில்லை. எங்கள் தெருவில் என்னிடம் கேலி வாங்காத ஆளே கிடையாது.

எதிர்வீட்டுக்காரரை மாமா என்றுதான் கூப்பிடுவேன். ஏலத்தோட்டத்தில் நிழல் மரத்தின் கிளையை வெட்டும்போது விழுந்து, இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லாமல் போனவர். சாக்கை விரித்து, கையை ஊன்றி இழுத்து இழுத்துத்தான் வீட்டுக்குள் நகர்வார். அத்தை ஏலக்காய்க் கடைக்கு, தரம் பிரித்துக் காய் பொறுக்கப் போவார். கல்யாண வயதில் ஒரு பெண், அப்பாவைப் பார்த்துக்கொண்டு வீட்டில் இருந்தாள். ஊனமுற்றவர்களுக்கு அரசாங்கம் கொடுக்கும் உதவிப்பணம் மாமாவுக்கு மாதாமாதம் மணியார்டரில் வரும். அந்தப் பணத்தில் அரிசி வாங்குகிற அன்று மட்டும் அவர் குரலே வேறு மாதிரி இருக்கும். "இன்னைக்கு என் சோறுடா மாப்ளே, வந்து ஒக்காரு" என்பார்.

"ஓட்டப்பந்தயத்துக்கு உங்க பேரக் குடுத்துட்டேன் மாமா, வெரசா கெளம்புங்க" என்பேன் நான். "நீ முன்னால ஓடு, பின்னாடியே வர்றேன்" என்று சிரிப்பார். எங்களுக்குள் அப்படித்தான்.

அந்தச் சமயத்தில் ராசிங்காபுரத்திலிருந்து பெண்ணை விசாரிக்க ஆள் வரும் என்று ஒரு பேச்சு இருந்தது. எங்கள் பக்கம் சம்பந்தம் விசாரிக்க வருகிறவர்கள் நேரே வீட்டுக்குப் போக மாட்டார்கள். டீக்கடையில் உட்கார்ந்து, இன்னார் எப்படி என்று பேச்சுக் கொடுப்பார்கள். கேட்கப்பட்டவன் நாலு வார்த்தை நல்லதாகச் சொல்லி அனுப்ப வேண்டும். அது தெருக்காரன் கடமை.

ஒருநாள் காலையில் டீக்கடையில் வெள்ளைச்சட்டை போட்ட ஒருவர், கக்கத்தில் பையோடு, மாமாவின் பேரைச் சொல்லி விசாரித்தார். எனக்குப் புரிந்துவிட்டது. புரிந்துவிட்டதாக நினைத்தேன்.

"அவருக்குக் கால் முடியாதாமே?" என்றார்.

"எவன் சொன்னான்? லேசாப் பெசகுனதுண்ணே. நேத்துக்கூட எங்க ஜீப்புல குரங்கணிக்கு வந்து எட்டு மூட்டை ஏத்துனாரு."

"அப்ப வருமானம்?"

"அதுக்கென்ன கொறச்சல்? சீசன்ல ஆளக் கையில பிடிக்க முடியாது."

அவர் ஒரு நோட்டில் குறித்துக்கொண்டார். விவரமான சம்பந்தி என்று நினைத்துக்கொண்டேன். "வீட்டுக்கு வாங்கண்ணே, எதிர்த்தாப்பிலதான்" என்றேன். "வேணாம், நீ சொன்னதே போதும்" என்று எழுந்தார். அவர் குடித்த டீக்கும் நானே காசு கொடுத்தேன்.

ஓடிப்போய் மாமாவிடம் சொன்னேன். "எட்டு மூட்டையாடா?" என்று கண்ணில் நீர் வரச் சிரித்தார். கதவுக்குப் பின்னால் அந்தப் பெண்ணும் சிரித்தாள்.

அடுத்த மாதம் மணியார்டர் வரவில்லை. அதற்கடுத்த மாதமும் இல்லை. என்னவென்று கேட்டுவர மாமா என்னைத் தாலுகா ஆபீசுக்கு அனுப்பினார். மேசைக்குப் பின்னால் அதே வெள்ளைச்சட்டை உட்கார்ந்திருந்தது. உதவிப்பணம் வாங்குகிறவர்களைப் பற்றி ஊர் ஊராக விசாரிக்க வந்த அதிகாரி அவர். ஃபைலைப் புரட்டி, 'சுமை தூக்கிப் பிழைப்பவர்' என்று எழுதியிருந்ததை எனக்கே படித்துக் காட்டினார்.

"சார், அன்னிக்கு நான் சொன்னது பொய் சார்."

"அன்னிக்குச் சொன்னது பொய்யா, இன்னிக்குச் சொல்றது பொய்யா?"

அவரைக் குறை சொல்லவும் வழியில்லை. ஒரு எட்டு எதிர்வீட்டுக்கு வந்து பார்க்காததைத் தவிர.

வீட்டில் வந்து உண்மையைச் சொன்னேன். "ஒன் வாயில மண்ணள்ளிப் போட" என்றார் அத்தை. அந்தப் பெண்ணும் காய் பொறுக்கப் போக ஆரம்பித்தாள். பகல் முழுக்க மாமா தனியாகக் கிடந்தார்.

மனு எழுதினேன். டாக்டர் சீட்டு வாங்கினேன். நாளைக்கு வா, அடுத்த வாரம் வா என்றே இழுத்ததில், பணம் நின்று பதினோரு மாதம் ஆகிவிட்டது. கடைசியில், "ஆள நேர்ல கொண்டா" என்றார்கள்.

ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போய், ஆபீசுப் படிகளில் மாமாவை முதுகில் சுமந்து ஏறினேன். வெள்ளைச்சட்டைக்காரர் மாற்றலாகிப் போயிருந்தார். அந்த நாற்காலியில் இருந்த புதிய ஆள் நிமிர்ந்து பார்த்து, "எந்திரிச்சு நில்லுங்க பாப்போம்" என்றார்.

"நின்னாக் குடுக்க மாட்டீக, நிக்காட்டி நம்ப மாட்டீக. எதச் செய்ய சாமி?" என்றார் மாமா.

அந்த ஆள் மேசையிலிருந்து ஒரு குண்டூசியை எடுத்தார். மாமாவின் வேட்டியை ஒதுக்கி, கெண்டைக்காலில் குத்தினார். இன்னும் ஆழமாக ஒருமுறை குத்தினார். ரத்தம் முத்தாக வந்தது. மாமா சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார். "சரி, உண்மைதான்" என்று ஊசியைத் துடைத்து மறுபடி டப்பாவில் போட்டார். பல்லைக் கடித்துக்கொண்டு நின்றவன் நான்தான்.

அடுத்த மாதமே மணியார்டர் வந்துவிட்டது. பதினோரு மாத நிலுவை மட்டும் வரவில்லை. போய்க் கேட்டால், ஆள் ஊனமுற்றவர் என்று ஆபீசுக்குத் தெரிந்த நாளிலிருந்துதான் பணமாம். அதற்கு முன்னால் அவர் சுமை தூக்குகிறவர்தானாம். ரிக்கார்டு அப்படித்தான் இருக்கிறதாம்.

வந்து சொன்னேன். மாமா கையை ஊன்றி என் பக்கம் நகர்ந்து வந்தார்.

"பதினோரு மாசம் மூட்டை தூக்கிருக்கேன்ல? அந்தக் கூலியவாச்சும் கேட்டு வாங்கிட்டு வாடா மாப்ளே."

வழக்கமான கேலிதான். அன்று எனக்குச் சிரிக்க வரவில்லை. அவரும் சிரிக்கவில்லை.

நிலுவைக்காக இன்றும் மனு எழுதுகிறேன், பதில்தான் வந்த பாடில்லை. ஜீப்பில் எத்தனையோ மூட்டைகளை ஏற்றி இறக்கிவிட்டேன். டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து மாமாவின் தலையில் நான் ஏற்றிய அந்த எட்டு மூட்டைகளை மட்டும் இன்னும் இறக்க முடியவில்லை.