கைபடாத பிஸ்கட்டு

சாதி ஒழியணும், எல்லாப் புள்ளைங்களும் ஒரே பெஞ்சுல உக்காந்து படிக்கணும்னு பாடுபட்டவர் ஒருத்தர். அவர் பிறந்த நாள் அந்த வருஷம் சனிக்கிழமையில வந்துச்சு. பள்ளிக்கூடத்துல அவர் படத்துக்கு மாலை. பேச வந்தது தெலுங்கு எல்லையில இருக்கற எங்க ஊர் பஞ்சாயத்துத் தலைவர், சர்பஞ்ச்.

நான் அங்க மதியச் சோறு ஆக்கறவ. காலனிக்காரி. சேர்ந்து ஆறு மாசம். ஊர்ப் புள்ளைங்க ஒண்ணுகூட என் கையால துன்னல. வீட்டு டப்பாவ எடுத்துக்கினு மரத்தடிக்குப் போயிடும். நாலாவது படிக்கற என் மவகூட உக்காந்து கணக்குப் போடறதுங்கதான்.

"சக்கரைப் பொங்கல் ஆக்கும்மா. சர்பஞ்ச் ஒரு வாய் துன்னா ஊரே துன்னும்"னாரு ஹெட்மாஸ்டர். நம்பினேன். அரிசி ஊர்க்காரர் கடையில வாங்கினேன். பால் அவங்க மாட்டுது. வெல்லம் அவங்க கரும்பு. கை மட்டும் என்னுது.

சர்பஞ்ச் மைக்கப் புடிச்சாரு. "என் பையன் அமெரிக்காவுல கம்ப்யூட்டர் வேலை. அங்க எவன் சாதி கேக்கறான்?" எல்லாரும் கை தட்டினாங்க. நானும் தட்டினேன்.

சர்பஞ்சுக்கு இலை போட்டேன்.

"சனிக்கிழமைம்மா. பெருமாளுக்கு ஒரு பொழுது."

"பெருமாளே பொங்கல் துன்றாரு ஐயா."

"சுகர் வேற இருக்குது."

"சாம்பார் சாதம் இருக்குது. கொண்டாரட்டா?"

ஹெட்மாஸ்டர் தெலுங்குல "ஊருகோம்மா"ன்னு என் வாய அடக்கினாரு.

கார்லேர்ந்து ஒரு பெட்டி இறங்குச்சு. பிஸ்கட்டு. ஒட்டின பாக்கெட்டு, யார் கையும் படாதது. வரும்போதே வாங்கியாந்திருக்கான் சர்பஞ்ச். ஊர்ப் புள்ளைங்க வரிசையில வாங்கிச்சு. என் மவளும் வாங்கிக்கினா. புள்ளைக்கு ஆசை. பொங்கப் பானைய மூடி வெச்சேன்.

திங்கக்கிழமை ஹெட்மாஸ்டர் ஒரு வெள்ளைக் காகிதம் நீட்டினாரு.

"சர்பஞ்ச எதுத்துப் பேசிட்ட. ஊர்ல கோவம். புத்தூர் இங்கிலீஷ் மீடியம் ஸ்கூல் வேன் வரப்போவுதாம். புள்ளைங்க எல்லாம் போயிட்டா பள்ளிக்கூடத்த மூடிடுவாங்க. வேலை வேணாம்னு எழுதிக் குடும்மா."

எனக்கு எழுத்துக் கூட்டித்தான் எழுத வரும். "எழுதறேன் சார். காரணத்தையும் சேத்து எழுதறேன். என் கையால ஆக்கினது ஊருக்கு ஆகலன்னு. கீழ நீங்களும் கையெழுத்துப் போடறீங்களா?"

ஹெட்மாஸ்டர் அந்த வெத்துக் காகிதத்த மடிச்சு பாக்கெட்டுல வெச்சுக்கினாரு.

வேன் வந்துச்சு. ஊர்ப் புள்ளைங்க பாதி ஏறிப் போச்சு. மீதி டப்பாவோட வந்துக்கினு இருந்துச்சு. நான் எல்லாருக்கும் சேத்துதான் உலை வெச்சேன். தினமும்.