மீன் கடையில் எடுத்த மூன்று படங்கள்

பத்தாங் பெர்ஜுந்தாய் ஊரின் இரவுச் சந்தையான பசார் மாலாமில் இருட்டத் தொடங்கியிருந்தது. மீன் விற்ற அக்காவின் முகத்தில் ஒற்றை பல்பின் வெளிச்சம். படம் ஆடிவிடாமலிருக்க மூச்சை அடக்கிக்கொண்டு, கேட்காமலே மூன்று படங்கள் எடுத்தேன்.

"யாரக் கேட்டு எடுத்த?" என்று கத்தினார்.

"அழகா இருக்குக்கா."

"மீன் நாத்தத்தோட நிக்கிறேன், இவனுக்கு அழகாம்! அழிச்சிரு லா!"

நான் தயங்கினேன். உடனே அவர் தன் கைப்பேசியை என் முகத்துக்கு நேரே நீட்டி, ஃபிளாஷ் அடித்துப் படமெடுத்தார். கண் கூசிப் பின்வாங்கினேன். பக்கத்துக் கடைக்காரர்கள் சிரித்தார்கள்.

"இத ஊரு பூரா அனுப்பவா?"

 மூன்று படங்களையும் அவர் கண்முன்னே அழித்தேன். என் படத்தை அவர் அழிக்கவில்லை. அழிக்கச் சொல்லிக் கேட்காமலே கிளம்பினேன். வீடு வந்து சேரும்வரை அவரைத் திட்டிக்கொண்டே வண்டி ஓட்டினேன்.