மூடிய குழாய்

பம்பரம் என்றால்தான் அந்தத் தெருவில் அவளைத் தெரியும். ஒரு இடத்தில் கால் தரிக்காது. வாயும் அப்படித்தான். ஆனால் கைவேலை என்று வந்துவிட்டால் குறை சொல்ல ஆள் கிடையாது. உடைந்த சிப்பி, ஓட்டை விழுந்த சோழி, எதைக் கொடுத்தாலும் கண்ணாடிச் சட்டத்தைச் சுற்றிப் பூவும் கொடியுமாக ஒட்டிவிடுவாள். வாங்க வந்தவர்கள் தங்கள் முகத்தைப் பார்க்க மறந்து சட்டத்தைப் பார்ப்பார்கள்.

புருஷன் அவளுக்கு நேர் எதிர். பத்து வார்த்தை கேட்டால் ஒரு வார்த்தை வரும். வீட்டை ஒட்டிய தகரக் கொட்டகையில், மோட்டார் சக்கரத்தில் சிப்பிகளின் முதுகைத் தேய்த்துத் தட்டையாக்குவது அவர் வேலை. தட்டையாக இருந்தால்தான் சிப்பி பலகையில் உட்காரும். சக்கரத்துக்கு மேலே ஒரு சின்னக் குழாய். அதிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டே இருந்தால் தூள் பறக்காமல் சேறாக வழிந்துவிடும். ஆனால் நனைந்த சிப்பி இரண்டு நாள் வெயிலில் காயாமல் பசை பிடிக்காது.

வினை ஒரு மழைக்காலத்தில் வந்து சேர்ந்தது. ஒரு ஓட்டலுக்கு ஒரே மாதத்தில் அறுபது கண்ணாடி வேண்டுமாம். வெயிலோ தலைகாட்டவில்லை. ஒட்டிய சிப்பியெல்லாம் மறுநாளே பொலபொலவென்று உதிர்ந்தது. பம்பரத்துக்குப் பொறுமை ஏது? எழுந்து போய்க் குழாயை மூடினாள்.

“மூக்குல துணியைக் கட்டிக்கங்க. ஒரு மாசம்தானே?”

அவர் தலையாட்டினார். கண்ணாடிகள் போய்ச் சேர்ந்தன. குழாயைத் திறக்க மட்டும் யாருக்கும் தோன்றவில்லை. காலையில் தேய்த்ததை மத்தியானமே ஒட்டலாம் என்றால் யார்தான் வேண்டாம் என்பார்கள்? ஒரு மாதம் நான்கு வருஷமாயிற்று. சாயங்காலம் அவர் புருவமெல்லாம் வெள்ளையாக வெளியே வரும்போது, மாப்பிள்ளை பவுடர் பூசிக்கொண்டு எங்கே கிளம்பிவிட்டார் என்று கேலி செய்வாள். அவரும் சிரிப்பார். அப்புறம் சிரித்தால் இருமல் வந்தது. கொஞ்ச நாளில் சிரிக்காமலேயே வந்தது.

ஆஸ்பத்திரியில் டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். என்ன வேலை என்று விசாரித்துவிட்டு, “தண்ணி விட்டுத்தானே தேய்க்கிறீங்க?” என்று கேட்டார்.

“ஆமாங்க. தண்ணி விட்டுத்தான்” என்றார் அவர். பொண்டாட்டி பக்கம் திரும்பவே இல்லை.

அவள் மேல் பழி வரக்கூடாது என்றுதான் அப்படிச் சொன்னார். அது அவளுக்கும் புரிந்தது. ஊரையே பேசித் தீர்க்கிற வாய், அன்றைக்குப் பசை போட்டு ஒட்டியது போலக் கிடந்தது. சளியைச் சோதித்ததில் கிருமி ஒன்றும் தெரியாவிட்டாலும் காசநோயாகத்தான் இருக்கும் என்று டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்தாவது குழாயைத் திறந்திருக்கலாம். திறந்தால், இத்தனை நாள் மூடியிருந்ததை ஒப்புக்கொண்டதாகிவிடும். அந்தப் பேச்சை முதலில் யார் எடுப்பது? அவர் மாத்திரையை விழுங்கிவிட்டுப் போய் உலர்ந்த சக்கரத்தின் முன் உட்கார்ந்தார். அவர் தேய்த்துக் கொடுத்ததை அவள் ஒட்டினாள். இப்படியே எட்டு மாதம் ஓடியது. கடைசியில் கொட்டகை வரை நடக்கவே மூச்சு போதாமல் அவர் கட்டிலோடு கிடந்தார்.

அதற்குப் பிறகுதான் அவள் தனியாகப் போய் டாக்டரிடம் உண்மையைச் சொன்னாள். டாக்டர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

“நுரையீரல்ல சிப்பித் தூள் படிஞ்சிருக்கு. இனிமே அதைச் சரிபண்ண மருந்து கிடையாது. அன்னைக்கே சொல்லியிருந்தா, வேலையையாவது நிறுத்தச் சொல்லியிருப்பேன்மா.”

பஸ்ஸுக்குக்கூட நிற்காமல் நடந்தே வந்தாள். நேரே கொட்டகைக்குப் போய்க் குழாயைத் திருகினாள். துருப்பிடித்து இறுகிப்போயிருந்தது. ஸ்பானரை மாட்டி இரண்டு கையாலும் பலங்கொண்ட மட்டும் திருப்பினாள். முதலில் பழுப்பாகக் கொஞ்சம் வந்தது. அப்புறம் தெளிந்த தண்ணீர் சக்கரத்தில் பட்டு, அவர் கடைசியாகத் தேய்த்து வைத்திருந்த சிப்பிக் கூடையில் வழிந்தது. அவளுக்கு நிறுத்த மனம் வரவில்லை.

உள்ளேயிருந்து அவர் குரல் கேட்டது. இரண்டு வார்த்தைக்கு ஒருமுறை மூச்சு வாங்கியது.

“எதுக்கு நனைக்கிற? நாளைக்கு... பசை பிடிக்காதே.”

அவளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அவர் காதில் விழுந்துவிடக் கூடாது என்று மோட்டாரைப் போட்டாள்.