மூன்றாவது துண்டு

பாம்புக்காது என்றால் அந்தத் தையல் ஆலையில் தெரியாதவர் இல்லை. இருநூறு மிஷின்கள் ஒன்றாக இரையும்போது, எது தையல் விடப்போகிறது என்று நடந்துகொண்டே சொல்லிவிடுகிற மெக்கானிக். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டோடு சரி.

அப்படிப்பட்டவனைத் தைராய்டு கண்ணில் வந்து பிடித்தது. விழிகள் பிதுங்கி, யாரைப் பார்த்தாலும் முறைப்பது போலானான்.

"ஏண்ணே, காலங்காத்தால முறைக்கிறீங்க?" என்று தைக்கிற பெண்கள் கேலி செய்தார்கள். சிரித்து வைத்தான். தூங்கும்போதும் இமை மூடாது. மனைவிதான் டேப் ஒட்டிவிடுவாள்.

கேலியைத் தாங்கலாம். ஒன்று இரண்டாகத் தெரிவதை என்ன செய்வது? ஒரு கண்ணைக் கையால் பொத்தினால் சரியாகும். ஆள் பார்க்காத நேரத்தில் அப்படித்தான் வேலையை ஒப்பேற்றினான். தெரிந்தால் வேலை போய்விடும் என்று பயம்.

"ஸ்டீராய்டு ஏத்தியும் அடங்கலை," என்றார் டாக்டர். "இனி ரெண்டு வழி. கண்ணுக்குப் பின்னால எலும்பை எடுத்து இடம் பண்ணலாம். பிதுக்கம் குறையும், ஆனா இரட்டைப் பார்வை கூடவும் செய்யலாம். இல்லேன்னா புது மருந்து ஏத்தலாம். ரெண்டுமே குறைய வாய்ப்பிருக்கு. ஆனா சிலருக்குக் காது மந்தமாகுது. திரும்பாமலும் போகலாம். சிகரெட்டை விட்டாச்சா?"

"விட்டுட்டேன் டாக்டர்."

மனைவி கூரையைப் பார்த்தாள். வெளியே வந்ததும் பிடித்துக்கொண்டாள். "மருந்தே ஏத்திக்குங்க. காது மந்தமானா நான் கத்திப் பேசுறேன். இப்ப மட்டும் என்ன, கத்தாமலா இருக்கேன்?"

"காதும் போனா நான் யாருடி?"

அடுத்த வாரம், அடுத்த வாரம் என்று மூன்று மாதம் ஓட்டினான். தள்ளிப்போடுவதும் ஒரு வைத்தியம் என்று அவனுக்கு எந்தப் புண்ணியவான் சொன்னானோ!

அங்கே தைப்பதெல்லாம் கைக்குழந்தைச் சட்டைகள். அதனால் ஊசி உடைந்தால் ஒரு துண்டு விடாமல் பொறுக்கி, நோட்டில் டேப் போட்டு ஒட்டி, முழு ஊசியாக்கிக் காட்ட வேண்டும். அதற்குப் பிறகுதான் புது ஊசி.

அன்று பிற்பகல் ஓர் ஊசி உடைந்தது. அடித்துண்டு மிஷினிலேயே இருந்தது. துணிமேல் இரண்டு துண்டுகள் மினுக்கின. சூப்பர்வைசர் தோளோடு தோளாக நின்றதால் ஒரு கண்ணைப் பொத்திப் பார்க்கத் தைரியம் வரவில்லை. காந்தத்தால் வாரி ஒட்டிவிட்டான்.

"எல்லாத் துண்டும் வந்துச்சா?"

"மூணும் வந்துச்சு சார்."

பாம்புக்காது சொன்னால் சரிதான் என்று அவரும் பார்க்காமல் கையெழுத்துப் போட்டார்.

சாயங்காலம் வீட்டில் மனைவி உள்ளங்கையில் மாத்திரை நீட்டினாள்.

"இன்னிக்கு ஏன் ரெண்டு?"

"ஒண்ணுதாங்க இருக்கு."

அப்படியானால் துணிமேல் மினுக்கியதும் ஒன்றேதான். ஒரு துண்டு இன்னும் அந்தச் சட்டைகளில் இருக்கிறது. ஏழு மணிக்கு லாரி. ஏதோ ஒரு வீட்டில், ஏதோ ஒரு பிள்ளையின் கழுத்தில்... போனை எடுத்தான்.

"சார், லாரியை நிறுத்துங்க. ஒரு துண்டு கிடைக்கலை. எனக்குக் கண்ணு ரெண்டா தெரியுது சார். ரொம்ப நாளாவே."

அவன் ஓடிப்போய்ச் சேர்ந்தபோது, மிஷின்கள் ஓய்ந்த கூடத்தில் பெட்டிகளைப் பிரித்துச் சட்டைகளை ஒவ்வொன்றாக உதறிக்கொண்டிருந்தார்கள். காந்தம் வைத்துத் தடவியும் பார்த்தார்கள். அவனைத் தொடவிடவில்லை. மூலையில் ஸ்டூலில் உட்கார்ந்து, கைகளால் கண்களைப் பொத்திக்கொண்டான். செத்துப்போனால் தேவலை என்றிருந்தது.

"நிறுத்துங்க!" என்று திடீரென்று கத்தினான். "விழுந்துச்சு. ஜன்னல் பக்கம், மேசைக்குக் கீழே."

வேறு யாருக்கும் எதுவும் கேட்கவில்லை. ஒருத்தி குனிந்து தேடினாள். அரிசி முனை அளவு இரும்பு, மேசைக் காலோரம் கிடந்தது.

சூப்பர்வைசர் அதை நோட்டில் ஒட்டினார். ஊசி முழுதானது. "நாளைலேர்ந்து வராதேய்யா," என்றார், கோபமில்லாமல். "கண்ணைச் சரிபண்ணிட்டு வா, பார்ப்போம்."

ஆலை வாசலில் மனைவி காத்திருந்தாள். "கிடைச்சுதா?"

"கிடைச்சுது. காதாலதான் கிடைச்சுது." மூடாத கண்களிலிருந்து நீர் வழிந்தது. "டாக்டர்கிட்ட நாள் கேளு. அந்த மருந்தையே ஏத்திக்கிறேன்."

அவள் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"பேசுடி," என்றான். "அதுவரைக்கும் கத்தாம, மெதுவாப் பேசிக்கிட்டே இரு."

நாளெல்லாம் வாய் ஓயாதவளுக்கு, வீடு வந்து சேரும்வரை ஒரு வார்த்தை வரவில்லை.