எங்கள் படித்துறைக்கு மேலே பறந்த டிரோன்

ராணுவத்தில் என் கடைசி நான்கு வருடங்கள் திரை பார்ப்பதில் கழிந்தன. வடக்கே ஓர் எல்லை. எந்த எல்லை, எந்த ஊர் என்பதைச் சொல்லமாட்டேன். ஆளில்லா விமானம் ஒன்று மேலே சுற்றும். அது அனுப்புகிற படத்தை நாங்கள் மூன்று பேர் ஒரு தகரக் கொட்டகைக்குள் உட்கார்ந்து முறைவைத்துப் பார்ப்போம். வேலியை நோக்கி யாராவது வருகிறார்களா, புதிதாக மண் கிளறிய தடம் தெரிகிறதா என்று கவனிப்பதுதான் வேலை. துப்பாக்கி பிடித்த வருடங்களைவிட அந்த நான்கு வருடங்களில்தான் நான் நாட்டுக்கு அதிகம் பயன்பட்டேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இப்போதும் அதில் பாதியை நம்புகிறேன்.

ஓய்வு பெற்று ஊருக்கு வந்தேன். அச்சன்புதூருக்கு மேற்கே மலையடிவாரத்தில் எங்களுக்குக் கொஞ்சம் வயலும் தென்னையும் உண்டு. எதிரே தெரிகிற மலைக்குப் பின்னால் கேரளம். அதை இங்கே யாரும் எல்லை என்று சொல்வதில்லை. மலைக்கு அங்கிட்டு, மலைக்கு இங்கிட்டு, அவ்வளவுதான் பேச்சு. எங்கள் சொந்தத்திலேயே பல பேர் அங்கிட்டு கடை வைத்திருக்கிறார்கள். வேலியும் கிடையாது, பகையும் கிடையாது.

ஆனால் லாரிகள் வர ஆரம்பித்தன. சோதனைச்சாவடி இருக்கிற சாலையை விட்டுவிட்டுத் தோப்புகளுக்குள் புகுந்து வரும். கண்ட கண்ட கழிவைக் கொட்டிவிட்டுப் போய்விடும். என் வயலை ஒட்டிய ஓடையில் ஒருநாள் காலையில் ஊசிகளும் ரத்தம் தோய்ந்த பஞ்சும் மூட்டை மூட்டையாகக் கிடந்தன. ஊரே கொதித்தது. மனு எழுத எல்லோரும் உட்கார்ந்தபோது, டிரோன் விட்டுக் கண்காணிக்கவேண்டும் என்று ஒரு வரி சேர்க்கச் சொன்னவன் நான்தான். அதன் அருமை எனக்குத் தெரியும் என்று பெருமையாகச் சொன்னேன். முதல் கையெழுத்தும் என்னுடையது.

கார் சாகுபடிக்கு வாய்க்காலில் தண்ணீர் விட்ட சமயத்தில் டிரோன் வந்தது. சாரல் வெறித்த நேரம் பார்த்துப் பறக்கவிடுவார்கள். நாலு விசிறியும் சுழலும் சத்தம், பெரிய வண்டு ஒன்று காதுக்குள் புகுந்ததுபோல இருக்கும். முதல் ஒரு வாரம் ஊர் அண்ணாந்து பார்த்தது. அப்புறம் அவரவர் வேலையைப் பார்த்தார்கள்.

எங்கள் வாய்க்காலில் ஒரு படித்துறை இருக்கிறது. நடவுக்கும் களையெடுப்புக்கும் போகிற பெண்கள் சாயங்காலம் நாலு மணிவாக்கில் கரையேறி, அங்கே குளித்துத் துணி அலசிவிட்டுத்தான் வீட்டுக்குப் போவார்கள். அந்த நேரத்தில் ஆண்கள் யாரும் அந்தப் பக்கம் தலைவைப்பதில்லை. அப்படியொரு விதியை யாரும் எழுதி வைக்கவில்லை. ஆனாலும் மாடு பற்றிக்கொண்டு வருகிறவன்கூடச் சுற்றிக்கொண்டுதான் போவான்.

ஒருநாள் என் மனைவி ஈரத்தலையோடு வந்தவள், நேராக என்னிடம் வந்து கேட்டாள். "அந்த டிரோன் இன்னைக்குத் துறைக்கு மேலயே ரொம்ப நேரம் நின்னுச்சு. நீங்க இதையே பாத்த ஆளுல்லா. அங்கன இருந்து பாத்தா என்னதான் தெரியும்?"

புள்ளி புள்ளியாகத்தான் தெரியும், ஆணா பெண்ணா என்றுகூடச் சொல்லமுடியாது என்றேன்.

பொய். எனக்குத் தெரிந்தே சொன்ன பொய். ஏன் சொன்னேன் என்று அன்றைக்கே கேட்டிருந்தால், அவள் பயப்படக்கூடாது என்பதற்காக என்று சொல்லியிருப்பேன். அதுவும் பொய்தான். டிரோன் வேண்டும் என்று கேட்டவன் நான். அது தப்பு செய்கிறது என்று ஒப்புக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. அவள் என் பேச்சை நம்பி, மற்ற பெண்களிடமும் போய்ச் சொன்னாள். பட்டாளத்துக்காரர் சொல்லிவிட்டார் என்று அவர்களும் நம்பினார்கள். நாலு மணிக்குத் துறை பழையபடி நிறைந்தது.

இரண்டு வாரம் கழித்து ஒரு லாரி பிடிபட்டது. மேலேயிருந்து எடுத்த வீடியோவை யாரோ வெளியே விட்டார்கள். ஊர் வாட்ஸப் குழுக்கள் எல்லாவற்றிலும் அது ஓடியது. தோப்புக்குள் லாரி பதுங்கிப் பதுங்கிப் போவதும் போலீஸ் வண்டி மறிப்பதும் சினிமா மாதிரி இருந்தது. கைதட்டுகிற படங்களாக வந்து குவிந்தன. நானும் ஒன்று போட்டேன். காபி குடித்துக்கொண்டே மனைவியிடம் போனை நீட்டினேன்.

லாரியைத் தேடி டிரோன் வாய்க்கால் வழியாகத் திரும்புகிற இடத்தில் சில விநாடிகள் படித்துறை வந்துபோகிறது. நான் லாரியையே பார்த்ததால் அதைக் கவனித்திருக்கவில்லை. அவள் கவனித்தாள். பின்னால் தள்ளி மறுபடி பார்த்தாள். நெஞ்சுக்கு மேலே பாவாடையை ஏற்றிக் கட்டிக்கொண்டு, படியில் குனிந்து நின்று துணி கும்முகிறவள் என் மனைவி. தோளில் கிடந்த பச்சைத் துண்டு முதற்கொண்டு தெரிந்தது. பக்கத்தில் அவளுடைய அண்ணன் மனைவி, முதுகு தேய்த்துக்கொண்டிருந்தாள்.

போனைத் தரையில் வைத்துவிட்டு அவள் என்னைப் பார்த்தாள்.

"புள்ளியாத்தான் தெரியும்னு சொன்னியளே."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

அன்றைக்குத்தான், பதினைந்து வருடமாக யாரிடமும் சொல்லாத ஒன்றை அவளிடம் சொன்னேன். வடக்கே வேலிக்கு இந்தப் பக்கம் ஒரு சின்னக் கிராமம் இருந்தது. நம் நாட்டுக் கிராமம்தான். அங்கே ஒரு பெண் தினமும் விடிகிற நேரத்தில் சொம்போடு வயலுக்குள் ஒதுங்குவாள். எங்களுக்கு அவளைப் பார்க்கவேண்டிய வேலையே கிடையாது. ஆனாலும் அந்த நேரம் வந்தால் கூட இருந்தவன் கேமராவை அங்கே திருப்புவான். மற்ற இரண்டு பேரும் சிரிப்போம். நானும் சிரித்தேன். ஒருநாள் அவள் சட்டென்று அண்ணாந்து பார்த்தாள். அவளுக்கு எதுவும் தெரிந்திருக்க வழியில்லை. அவ்வளவு உயரத்தில் இருந்தது எங்கள் விமானம். அதற்கப்புறம் நான் சிரிக்கவில்லை. ஆனால் திருப்பாதே என்றும் சொல்லவில்லை.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவள் எழுந்து சேலை மாற்றிக்கொண்டாள். வண்டியை எடுங்கள், அந்த டிரோன் ஆபீசுக்குப் போகவேண்டும் என்றாள்.

சாவடிக்குப் பக்கத்தில் ஓர் அறையிலிருந்துதான் அதை இயக்கினார்கள். பொறுப்பில் ஒரு சப்-இன்ஸ்பெக்டர் இருந்தார். முப்பது வயதுதான் இருக்கும், மரியாதை தெரிந்த மனிதர். நாற்காலி போட்டு உட்காரவைத்தார். வீடியோ வெளியே போனது தவறுதான், யார் விட்டது என்று விசாரிக்கிறோம் என்றார். ஆனால் சில விநாடி அம்மா, யாருக்கும் அடையாளம் தெரியாது என்று சொல்லிப்பார்த்தார்.

"எனக்குத் தெரிஞ்சுதே" என்றாள் அவள்.

துறைக்கு மேலே எடுத்ததை எல்லாம் அழித்தாயிற்றா, எத்தனை நாள் வைத்திருப்பீர்கள், யார் யார் பார்க்கலாம் என்று நான் கேட்டேன். எதைக் கேட்கவேண்டும் என்று எனக்குத் தெரியும். பாதுகாப்பு சம்பந்தப்பட்டது, சொல்ல முடியாது என்றார். பிறகு, குளிக்கிற நேரத்தைக் கொஞ்சம் மாற்றிக்கொள்ளலாமே, இல்லையென்றால் பஞ்சாயத்தில் சொல்லித் துறைக்கு மேலே தகரம் போட்டுவிடலாமே என்று யோசனை சொன்னார். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார் என்று நினைக்கிறேன்.

என் மனைவி குரலை உயர்த்தவே இல்லை. "குத்தாலத்துல சீசனுக்கு எங்கிருந்தெல்லாமோ வாராக. அங்கன பொம்பளைக குளிக்கத் தனியா இடம் விட்டு, காவலுக்கு லேடி போலீஸ நிப்பாட்டுதிய. நல்ல காரியம். ஊர்க்காரி எங்களுக்கு மட்டும் தகரத்துக்கு அடியில ஒளிஞ்சு குளிங்கன்னு சொல்லுதிய. தப்பு பண்ணுனது லாரிக்காரன். நாங்க எதுக்குத் தம்பி ஒளியணும்?"

திரும்பி வந்து பெண்களை எல்லாம் கூட்டி உட்காரவைத்து விஷயத்தைச் சொன்னாள். நான் சொன்னது பொய் என்பதையும் சொன்னாள். நான் அங்கேயே நின்றிருந்தேன். ஒருத்தியும் என்னை ஏறிட்டுப் பார்க்கவில்லை. இனி யாரும் துறைக்குப் போகவேண்டாம், வீட்டுக் குழாயிலேயே குளித்துக்கொள்ளலாம் என்று இரண்டு பேர் சொன்னார்கள். ஒருத்தி அழுதாள், அவள் வீட்டுக்காரருக்கு இன்னும் வீடியோ விஷயம் தெரியாது. கடைசியில் என் மனைவி சொன்னதுதான் முடிவாயிற்று. அதே நேரத்துக்குப் போவது, அதே துறைக்குப் போவது. அது மேலே நிற்கிற வரைக்கும் குளிப்பதில்லை. நின்று அதையே பார்ப்பது.

"அது எம்புட்டு நேரம் தாக்குப்பிடிக்கும்?" என்று என்னைப் பார்த்துக் கேட்டாள். ஆபீசிலிருந்து திரும்பிய பிறகு அவள் என்னிடம் பேசிய முதல் பேச்சு அதுதான். இந்த மாதிரி சின்ன டிரோனுக்கு அரை மணி நேரத்துக்கு மேல் பேட்டரி நிற்காது என்றேன்.

மறுநாள் நாலு மணிக்குப் பதினோரு பெண்கள் வயலில் இருந்து ஏறிவந்தார்கள். சேறு காயாத காலோடு படியில் வரிசையாக நின்றார்கள். டிரோன் வந்தது. அத்தனை பேரும் இடுப்பில் கை வைத்துக்கொண்டு அண்ணாந்து அதன் கேமராவையே பார்த்தார்கள். ஒருவரும் கத்தவில்லை, கல்லெறியவில்லை. கல்லை எடுத்தால் பேச்சு கல்லைப் பற்றித்தான் இருக்கும் என்று என் மனைவி முதலிலேயே சொல்லியிருந்தாள். நான் வாய்க்கால் பாலத்தில் துறைக்கு முதுகு காட்டி நின்றேன். அந்தச் சத்தம் மட்டும் என் தலைக்கு மேலே கேட்டுக்கொண்டே இருந்தது. கொஞ்ச நேரத்தில் விலகிச் சாவடிப் பக்கம் போனது. அதற்குப் பிறகுதான் குளித்தார்கள். அடுத்த நாளும் அப்படியே. அதற்கடுத்த நாளும் அப்படியே. திரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவருக்கு எப்படி இருந்திருக்கும் என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

ஊரில் பேச்சு வந்தது. என்னோடு ஒரே வருடம் பட்டாளத்தில் சேர்ந்த நண்பன் ஒருவன் இலஞ்சியில் இருக்கிறான். கோயில் வாசலில் பார்த்தபோது பிடித்துக்கொண்டான். "ஏலே, நீ பட்டாளத்துல இருந்தவன்தானா? எல்லையக் காவல் காக்கவனுக்கு எதிரா பொம்பளையளத் தூண்டிவிட்டுக்கிட்டு அலையுத."

யாரும் யாரையும் தூண்டவில்லை, அவர்கள் பின்னால்தான் நான் போகிறேன் என்றேன். வடக்கே நாங்கள் பார்த்ததைப் பற்றி வெளியே பேசப்போகிறாயா என்று கேட்டான். அந்தக் கொட்டகையில் இருந்த மூன்று பேரில் அவனும் ஒருவன். ஊர் பேரும் சொல்லமாட்டேன், உன் பேரும் சொல்லமாட்டேன், ஆனால் நான் பார்த்ததைச் சொல்வேன் என்றேன். அவன் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டான். அன்றோடு பேச்சு நின்றது. முப்பது வருடச் சிநேகம். வருத்தம் இல்லை என்று சொன்னால் அது இன்னொரு பொய்யாகிவிடும்.

திங்கட்கிழமை குறைதீர்க்கும் கூட்டத்துக்குத் தென்காசிக்குப் போனோம். பதினோரு பேரும் ஒரே பஸ்ஸில் ஏறினார்கள். மனுவை என் மனைவி சொல்லச் சொல்ல நான் எழுதியிருந்தேன். டிரோன் வேண்டாம் என்று அதில் ஒரு வரிகூட இல்லை. லாரிகளைப் பிடியுங்கள், துறைக்கு மேலே கேமராவைத் திருப்பாதீர்கள், எடுத்ததை அழித்துவிட்டு, அழித்தோம் என்று எழுத்தில் கொடுங்கள், பதிவை யார் பார்க்கலாம் என்று ஊருக்குச் சொல்லுங்கள். அவ்வளவுதான் கேட்டிருந்தோம்.

மனுவை வாங்கிய அதிகாரி படித்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். நீங்கள் ராணுவத்தில் இருந்தவர், பாதுகாப்பு என்றால் என்ன என்று உங்களுக்குத் தெரியாதா என்று கேட்டார்.

"தெரியும் சார். தெரிஞ்சதாலதான் வந்திருக்கேன்" என்றேன்.

அந்தக் கூடத்தில், பட்டாவுக்கும் முதியோர் பென்ஷனுக்கும் காத்திருந்த அத்தனை பேருக்கும் கேட்கும்படி, சொம்போடு ஒதுங்கிய அந்தப் பெண்ணைப் பற்றிச் சொன்னேன். பார்த்தது எதிரியை அல்ல, நம் வீட்டுப் பெண்ணை என்று சொன்னேன். எங்களைக் கேட்க ஆளில்லை என்பதால்தான் அதைச் செய்தோம் என்றும் சொன்னேன். பாதியில் நிறுத்திவிடலாம் என்று இருந்தது. என் மனைவி பக்கத்தில் நின்றாள். கையைப் பிடிக்கவில்லை, சொல்லி முடிக்கட்டும் என்று நின்றாள். முடித்தேன். அதிகாரி மனுவில் ஏதோ குறித்து, ரசீது கொடுக்கச் சொன்னார்.

ஒரு மாதம் கழித்துப் பதில் வந்தது. கண்காணிப்பு பொதுமக்களின் நன்மைக்காகவே நடக்கிறது, தனிநபர் உரிமை பாதிக்கப்படவில்லை, பணி தொடரும் என்று நாலு வரி. ஆனால் அந்தக் கடிதம் வருவதற்கு முன்பே டிரோன் துறைப் பக்கம் வருவதை நிறுத்திவிட்டது. இப்போது மலைச்சரிவை ஒட்டி, தோப்புகளுக்கு அந்தப் பக்கமாகப் போகிறது. அந்த வழியிலேயே இன்னொரு லாரியும் பிடிபட்டது. பெண்கள் நாலு மணிக்குக் குளிக்கிறார்கள். காற்றில் எந்தச் சத்தம் கேட்டாலும் முதலில் அண்ணாந்து பார்த்துவிட்டுத்தான் முடியை அவிழ்க்கிறார்கள்.

போதும், ஜெயித்தாயிற்று என்று நான் நினைத்தேன். அவள் நினைக்கவில்லை. எழுத்தில் வரவில்லையே என்று இரண்டாவது மனு எழுதச் சொன்னாள். அதற்கும் அதே நாலு வரி வந்தது. மூன்றாவதையும் கொடுத்தோம்.

போன வாரம் அந்த சப்-இன்ஸ்பெக்டர் சீருடை இல்லாமல் எங்கள் வீட்டுக்கு வந்தார். இடமாற்றம் ஆகிறதாம், சொல்லிவிட்டுப் போகலாம் என்று வந்தாராம். மோர் கொடுத்தாள். குடித்துவிட்டுத் தயங்கித் தயங்கிச் சொன்னார். "துறைக்கு மேல எடுத்தத எல்லாம் அழிச்சாச்சுக்கா. நான் இருந்து பாத்தேன். இனிமேலாவது மனு போடாம விட்டுருங்க."

"நீங்க சொன்னா நம்புதேன் தம்பி" என்றாள் அவள். "நீங்க போனப்புறம் வாரவர எத வச்சு நம்ப? எழுதித் தாங்க."

தனக்கு அந்த அதிகாரம் இல்லை என்றார்.

"அப்பச் சரி. அதிகாரம் உள்ளவரத் திங்கக்கிழமை போயி பாத்துக்கிடுதோம்" என்று சொல்லி, அவர் செருப்பு மாட்டுகிற வரை வாசலில் நின்று வழியனுப்பிவிட்டு, நாலாவது மனுவுக்கு வெள்ளைத்தாள் இருக்கிறதா என்று என்னிடம் கேட்டாள்.