இடமிருந்து முதலாவது

ஊர் மண்டபத்தின் சாவிக்கொத்து எந்நேரமும் இடுப்பில் தொங்குவதால் அவளுக்குச் சாவியக்கா என்றே பெயர் நிலைத்துவிட்டது. கூட்டுவது, நாற்காலி போடுவது, மைக் கரகரத்தால் அதன் தலையில் ரெண்டு தட்டுத் தட்டுவது, எல்லாம் அவள்தான். அந்த மண்டபத்தில் நடக்காத நிகழ்ச்சி இல்லை. அவள் உட்கார்ந்து பார்த்த நிகழ்ச்சி ஒன்றுகூட இல்லை.

அப்படிப்பட்டவளிடம் வெள்ளிக்கிழமை காலையில் பால்காரர், "இவ்வளவு திறமையை உள்ள வச்சுக்கிட்டு ஒண்ணுமே தெரியாத மாதிரி இருந்திருக்கீங்களே அக்கா!" என்றால் என்ன நினைப்பாள்? "காலங்காத்தால கேலி பண்ண வேற ஆள் கிடைக்கலையா?" என்று கதவைச் சாத்தினாள். தெருமுனையில் தையல்காரர் எழுந்து நின்று கைதட்டினார். பேருந்தில் முன்பின் தெரியாத ஒருத்தி இடம் கொடுத்தாள். சாவியக்காவுக்கு ஒரு மண்ணும் புரியவில்லை.

மண்டபத்து மேசையில் ஊர் வாரப்பத்திரிகை கிடந்தது. அதில் ஓவியப் போட்டிப் படம். முதல் பரிசு மருந்துக்கடைக்காரம்மாவுக்கு. கேடயம் வந்து சேராததால் அவர் வெறுங்கையோடு நின்றார், பக்கத்தில் நடுவர். மறுபக்கம் காலியாக இருக்கிறதே என்று போட்டோக்காரர் இவளையும் இழுத்து நிறுத்தியிருந்தார். படத்துக்குக் கீழே, 'இடமிருந்து: முதல் பரிசு பெற்றவர், நடுவர், மண்டபப் பொறுப்பாளர்.' பெயரில் பிழை வந்தால் சண்டைக்கு வருகிறார்கள் என்று அந்தப் பத்திரிகை பெயர் போடுவதையே விட்டிருந்தது. சரி, இடப்பக்கம் முதலில் நிற்பது யார்? சாவியக்கா!

"நான் அந்தக் கடைசியிலதானே நின்னேன்?"

உற்றுப் பார்த்தாள். தினமும் கண்ணாடியில் பார்க்கிற அதே முகம், அதே இடத்தில் அதே மச்சம். குறை சொல்ல ஒன்றுமில்லை. அன்று எங்கே நின்றோம் என்பதே அவளுக்குச் சந்தேகமாகிவிட்டது.

அப்போதுதான் போன் அடித்தது. மகள்! வெளியூரில் வேலைக்குப் போகிறேன் என்றவளிடம், "போனா அப்படியே போயிடு" என்று கத்தியதிலிருந்து இருவருக்கும் பேச்சே இல்லை. அம்மாவுக்கு இருந்த வீம்பு அப்படியே மகளுக்கும்.

"அம்மா... பத்திரிகைப் படத்தை சிநேகிதி அனுப்பினா. நீ வரைவியா? எங்கிட்ட சொன்னதே இல்லையே."

'இல்லடி' என்பது நாக்கு நுனிவரை வந்தது. சொன்னால் வைத்துவிடுவாளோ?

"ஞாயித்துக்கிழமை வர்றேன். அந்த ஓவியத்தைக் காட்டு."

"வாடி," என்று மட்டும் சொன்னாள்.

பத்திரிகை அலுவலகத்துக்கு ஓடினாள். பக்கம் அமைப்பவர் தலையைச் சொறிந்தார். "நடுவர் பத்திரிகைப் பக்கத்துக்கு வெளிய பார்க்கிற மாதிரி நின்னாரு அக்கா. எங்க வேலையில முகம் உள்பக்கம் பார்க்கணும். அதான் படத்தை இடவலமா திருப்பிட்டேன். பின்னாடி வெறும் திரைதானே, எழுத்து கிழுத்து இல்லையே. கீழ இருந்த வரியை மாத்தத்தான் மறந்துட்டேன். அடுத்த வாரம் திருத்தம் போட்டுடவா?"

அவளுக்குப் பாதிதான் புரிந்தது. திருத்தம் வந்தால் மகளுக்கும் தெரிந்துவிடும், வேண்டாம் என்று சொல்லத்தான் ஆசை. ஆனால் மருந்துக்கடைக்காரம்மா என்ன பாவம் செய்தார்? "போட்டுடுங்க," என்று சொல்லிவிட்டு, வழியெல்லாம் தன்னையே திட்டிக்கொண்டு வந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மகள் பையோடு வாசலில் நின்றாள். சாவியக்கா அவளை உள்ளே வரக்கூட விடவில்லை.

"நான் வரையலடி. நேர்க்கோடு போடவே எனக்கு ஸ்கேல் வேணும். எல்லாம் பத்திரிகைக்காரர் பண்ணின கூத்து. கோவிச்சுக்கிட்டுப் போறதா இருந்தா சாப்ட்டுட்டுப் போ."

மகள் பையை வைத்துவிட்டு, அம்மாவின் இடக்கன்னத்து மச்சத்தை விரலால் தொட்டாள்.

"இது இந்தப் பக்கம்தானே இருக்கு? படத்துல அந்தப் பக்கம் இருந்துச்சு. திருப்பிப் போட்டிருக்காங்க, நீ நின்னது கடைசியிலன்னு பார்த்ததுமே தெரியும்மா."

"தெரிஞ்சுக்கிட்டேவா கேட்டே?"

"வேற என்னத்தைச் சொல்லி உனக்குப் போன் பண்றது?"

"அம்மான்னு மட்டும் சொல்லியிருந்தாலே போதுமேடி," என்றாள் சாவியக்கா. அதற்குள் அழுகை வந்துவிட்டது.